தோற்றவருக்கு விழுந்த ஓட்டு என்ன ஆகிறது?

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா இரண்டாம் அலைக்காக ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு போட்டிருந்த நேரம். தெருவில் ஆள் இல்லை, எல்லா வீட்டு டிவியிலிருந்தும் ஒரே சத்தம். ஏப்ரல் 6ஆம் தேதி வாக்குச்சாவடியில் வைத்த மை தோலிலிருந்து எப்போதோ போய்விட்டது. இடது கை ஆள்காட்டி விரல் நகத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகம் வளர்ந்ததில் அந்தக் கறுப்புப் பட்டை மேலே ஏறி, அடியில் பிறை போலப் புது நகம் தெரிந்தது. ஓட்டுப் போட்டதற்கும் எண்ணியதற்கும் நடுவே 26 நாள். அத்தனை நாளும் ஜெயிக்கப் போகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் டிவியை அணைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி காம்பவுண்டு சுவருக்கு மேலாக ஒரு கிண்ணத்தை நீட்டினார். வீட்டில் கிண்டிய கேசரி. “மனசுல வச்சுக்கிடாதீங்க தம்பி, சாப்பிடுங்க” என்றார். நல்ல மனுஷர், குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

நான் எந்தப் பக்கம் என்பது இங்கே முக்கியமில்லை. 2016இல் வேறு ஆட்கள் இதே வலியோடு டிவியை அணைத்திருப்பார்கள், 2011இலும் அப்படித்தான். அன்று ராத்திரி மூன்று நினைப்பு மாறி மாறி வந்தது. ஊரே எனக்கு எதிராகப் போய்விட்டது. என் ஓட்டு வீணாகிவிட்டது. இதில் ஏதோ நடந்திருக்கிறது. தோற்ற பக்கம் நின்ற யாரைக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். பின்னால் வந்த மாதங்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் பெரும்பாலும் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது.

ஊரே எதிராகப் போனதா?

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் என்பது ஒரு தேர்தல் கிடையாது, 234 தனித்தனித் தேர்தல்கள். ஒவ்வொன்றிலும் அடுத்தவரைவிட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினால் போதும், பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி இல்லை. 118 இடம் கிடைத்தால் ஆட்சி. இந்த ஏற்பாட்டின் குணமே, வாக்கில் இருக்கிற சிறிய சாய்வை இடத்தில் பெரிதாக்கிக் காட்டுவதுதான்.

2021ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். திமுக கூட்டணிக்கு 159 இடம், அதிமுக கூட்டணிக்கு 75. பாதிக்கும் கீழே. டிவியில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், மூன்றில் இரண்டு பேர் ஒரு பக்கம் போய்விட்டதாகத்தான் மனசு கணக்குப் போடும். வாக்கைப் பாருங்கள்: ஒரு கூட்டணிக்கு 45 சதவீதத்துக்குச் சற்று மேல், இன்னொன்றுக்கு 40க்குச் சற்றுக் கீழ். ரேஷன் கடை வரிசையில் நூறு பேர் நின்றால் 45 பேர் ஒரு பக்கம், 40 பேர் இன்னொரு பக்கம், மீதி 15 பேர் வேறு வேறு இடம். தோற்ற பக்கத்துக்காரர் அந்த வரிசையில் தனி ஆள் இல்லை. அவருக்கு முன்னாலும் பின்னாலும் அவர் மாதிரியே ஓட்டுப் போட்டவர்கள் நிற்கிறார்கள். சத்தம் போடாமல் நிற்பதால் தெரிவதில்லை.

2016இல் இடைவெளி இன்னும் சின்னது. அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் நடுவே மாநிலம் முழுக்கச் சேர்த்து ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் வித்தியாசம். முதலில் தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அது 134க்கு 98 ஆக விரிந்தது.

இதைவிட ஆச்சரியமானது 1967. காங்கிரஸ் ஆட்சி போய் அண்ணா முதலமைச்சரான தேர்தல். பெரியவர்கள் இன்றும் அதை ஒரு பேரலை மாதிரிதான் சொல்வார்கள். விருதுநகரில் காமராஜரே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஆனால் தனிக் கட்சியாக அதிக வாக்கு வாங்கியது யார் தெரியுமா? காங்கிரஸ்தான். காங்கிரஸுக்கு 41 சதவீதம், 51 இடம். திமுகவுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, 40.7 சதவீத அளவு, 137 இடம். திமுக 174 தொகுதிகளில்தான் நின்றது, மற்றவற்றைக் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. எதிர்ப்பு ஓட்டு சிதறாமல் ஒரே இடத்தில் விழுந்தது. காங்கிரஸ் 232 இடங்களில் தனியாக நின்று பல இடங்களில் இரண்டாவதாக வந்தது. இரண்டாவதாக வருவதற்கு இந்த முறையில் ஒன்றும் கிடைக்காது.

அதனால்தான் இங்கே முடிவுகள் இப்படி ஆடுகின்றன. 1991இல் திமுக 22 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் கிடைத்தது இரண்டே இடம். ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் உதயசூரியனில் குத்தியிருக்கிறார்கள், சட்டமன்றத்தில் அந்தக் கட்சி இல்லாத மாதிரியே இருந்தது. அடுத்த தேர்தலில், 1996இல், அதே கட்சி 173 இடம். அந்த முறை அதிமுகவுக்கு நான்கு இடம், ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். அதற்கும் அடுத்தது 2001, அதிமுக 132. இந்தப் பத்து வருஷத்தில் கோடிக்கணக்கான மனிதர்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைப்பது தவறு. இரண்டு பக்கமும் அசையாமல் நின்றவர்கள் பெரும்பான்மை. நடுவில் இருந்த ஒரு பகுதி நகர்ந்தது, கூட்டணிகள் இடம் மாறின.

எண்ணுகிற நாளில் நம்பிக்கை ஏறி இறங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. பலருக்கு இது தெரியாததால் வேண்டாத சந்தேகமும் வருகிறது. காலை 8 மணிக்குத் தபால் வாக்கு, அரை மணி கழித்து மெஷின். ஒரு தொகுதிக்கு வழக்கமாக 14 மேஜை. மேஜைக்கு ஒரு பூத் வீதம் 14 பூத் முடிந்தால் ஒரு ரவுண்டு. பூத் எண்கள் நில அமைப்பின்படி வரிசையாகப் போட்டவை. ஆக, முதல் ரவுண்டு என்றால் தொகுதியின் ஒரு மூலை. அந்த மூலை நம் ஆளுக்குச் செல்வாக்கான கிராமங்களாக இருந்தால் காலையில் முன்னிலை வரும், எதிராளியின் பேட்டை வந்ததும் கரையும். 2021இல் கோவை தெற்கில் கமல்ஹாசன் பெரும்பாலான ரவுண்டுகளில் முன்னால் இருந்தார். கடைசியில் வானதி சீனிவாசன் 1,728 வாக்கில் வென்றார். ‘ராத்திரி மாற்றிவிட்டார்கள்’ என்று நமக்குத் தோன்றுகிற பல இடங்களில் நடந்தது இதுதான்: வேறு மூலையின் பெட்டிகள் எண்ணப்பட்டன.

இந்த முறை சரியா என்ற கேள்வி பழையது. அரசியல் நிர்ணய சபையிலேயே விகிதாசாரப் பிரதிநிதித்துவம், அதாவது வாங்கிய வாக்கின் அளவுக்கு ஏற்ப இடம், வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். எழுத்தறிவு குறைவாக இருந்த நாட்டுக்கு அது சிக்கலானது, சபை சிறு சிறு துண்டாகச் சிதறி அரசு நிலைக்காது என்று அம்பேத்கர் ஏற்க மறுத்தார். பக்கத்தில் இலங்கை 1978 அரசியலமைப்பில் விகிதாசாரத்துக்கு மாறியது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு சிறிய கட்சிக்கு ஓட்டுப் போட்டாலும் மாவட்டக் கணக்கில் அது ஒரு ஆசனத்தின் பங்காக வர வாய்ப்பு உண்டு. தோற்ற தரப்புக்கு வாக்களித்தவர்களுக்கு ஜனநாயகத்தின் மேலுள்ள திருப்தி குறைகிறது, விகிதாசாரம் மாதிரி அதிகாரத்தைப் பகிர்கிற முறைகளில் அந்தக் குறைவு சிறியது என்று பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், அம்பேத்கர் சொன்ன காரணத்துக்கு அன்று பலம் இருந்தது. இன்று, முப்பது லட்சம் பேர் ஓட்டுப் போட்டும் ஒரு குரல்கூட சபையில் இல்லாதபோது, அதைத் திரும்பப் பேசத்தான் வேண்டும்.

ஓட்டு வீணா?

அந்த முப்பது லட்சம், 2021இல் நாம் தமிழர் கட்சிக்கு விழுந்தது. 234 தொகுதியிலும் தனியாக நின்று, பாதி இடங்களில் பெண்களை நிறுத்தி, 6.6 சதவீத அளவுக்கு வாங்கியது. இடம் பூஜ்யம். அதே தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி ஆறு தொகுதிகளில் நின்று, மாநில அளவில் ஏறத்தாழ ஒரு சதவீத வாக்கோடு நான்கு எம்எல்ஏக்களைப் பெற்றது. கூட்டணிக் கட்சிகளின் வாக்கும் சேர்ந்து அந்த ஆறு இடங்களில் குவிந்ததால் அது நடந்தது. பாமகவைப் பாருங்கள்: 2016இல் தனியாக நின்று 5.3 சதவீதம், ஒரு இடமும் இல்லை. 2021இல் கூட்டணியில் 3.8 சதவீதம், ஐந்து இடம். வாக்கு குறைந்தது, இடம் கூடியது.

இதைப் பார்த்துவிட்டு, “அப்போ ஜெயிக்கிற கட்சிக்குப் போட்டாத்தான் ஓட்டு” என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே என் சித்தப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத்தான் சொல்வார். நான் ஒத்துக்கொள்வதில்லை. தோற்ற ஓட்டு குப்பைக்குப் போவதில்லை. அது பதிவாகிறது, பதிவான எண் அடுத்து நடக்கிற பல காரியங்களைத் தீர்மானிக்கிறது.

2006இல் தேமுதிக முதல்முறை தனியாக நின்றபோது ஜெயித்தது ஒரே இடம், விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும். அந்தக் கட்சிக்குப் போட்டவர்களில் பெரும்பாலானோர் அன்றைக்கு ஓட்டு வீணாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மாநிலம் முழுக்க 8.4 சதவீதம் பதிவாகியிருந்தது. 2011இல் கூட்டணிப் பேச்சில் அந்த எண்தான் மேஜையில் உட்கார்ந்தது. 41 தொகுதி கிடைத்தது, 29இல் வென்றார்கள். திமுகவுக்கே 23 இடம்தான் என்பதால் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2006இல் எங்கோ ஒரு கிராமத்தில் முரசு சின்னத்தில் குத்தியவரின் ஓட்டு ஐந்து வருஷம் கழித்து வேலை செய்தது. (2016இல் அதே கட்சி 2.4 சதவீதத்துக்குச் சரிந்து, உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்தே டெபாசிட் இழந்தார். எண் ஏறினால் பேரம் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும்.)

அங்கீகாரத்துக்கும் இதே கணக்குத்தான். ஒரு கட்சி மாநிலக் கட்சி ஆக இடம் ஜெயிக்காமலே ஒரு வழி இருக்கிறது: பேரவைத் தேர்தலிலோ மக்களவைத் தேர்தலிலோ மாநிலத்தில் பதிவான செல்லத்தக்க வாக்கில் 8 சதவீதம். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் ஒரு தொகுதியிலும் ஜெயிக்கவில்லை, 8 சதவீதத்தைத் தாண்டியது, அங்கீகாரம் கிடைத்தது. நிலையான சின்னம், வாக்காளர் பட்டியல் பிரதி, அரசு ஒலிபரப்பில் பேச நேரம் எல்லாம் அதோடு வருகின்றன. வேட்பாளர் அளவிலும் ஒரு கோடு உண்டு. பொதுத் தொகுதியில் 10,000 ரூபாய் டெபாசிட், ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் போய்விடும். ஒரு சின்னக் கட்சியின் ஆள் டெபாசிட்டைக் காப்பாற்றினால் அடுத்த முறை அவருக்குத் தொண்டர் கூடுவார், நன்கொடை கூடும்.

அப்புறம், ஓட்டு வித்தியாசம். 2016இல் ராதாபுரத்தில் 49 ஓட்டு. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். 2021இல் தியாகராய நகரில் 137, மொடக்குறிச்சியில் 281. 137 என்றால் நான்கைந்து அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்தத் தொகுதியில் நோட்டாவுக்கு விழுந்ததே அதைவிட அதிகம். இப்படித் தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்று ஜெயித்த எம்எல்ஏ, முப்பதாயிரத்தில் ஜெயித்தவரைப் போல நிம்மதியாக இருக்க முடியாது. அந்த நிம்மதியின்மையை உண்டாக்கியது எதிராளிக்குப் போட்டவர்களின் ஓட்டு. தோற்றவருக்கு விழுந்த ஓட்டுதான் வென்றவருடைய வித்தியாசத்தைக் குறைக்கிறது, அதை அடுத்த ஐந்து வருஷமும் அவர் கணக்கில் வைத்திருப்பார்.

நோட்டாவைப் பற்றி ஒரு வரி. தோல்வி வெறுப்பில் “இனிமே நோட்டாதான்” என்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த அந்தப் பொத்தானுக்கு முடிவை மாற்றுகிற சக்தி இல்லை. நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து இருக்கிற வேட்பாளர்தான் எம்எல்ஏ.

ஏதோ நடந்திருக்கிறதா?

இந்த நினைப்பை நான் தள்ளிவிட மாட்டேன். தமிழ்நாட்டில் பணம் விளையாடுகிறது என்பது வதந்தி இல்லை, தேர்தல் ஆணையமே ஒப்புக்கொண்டது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலை ரத்து செய்து நவம்பரில் நடத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து, 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து. இவை பிடிபட்டவை. பிடிபடாமல் ராத்திரியில் கதவைத் தட்டியது எத்தனை என்பது அவரவர் தெருவுக்குத் தெரியும்.

ஆனால் “காசு வாங்கிட்டு ஓட்டைப் போட்டுட்டானுங்க” என்று தோற்ற இரவில் சொல்லும்போது, எதிர்ப்பக்கம் நின்ற அத்தனை பேரையும் விலைக்குப் போனவர்கள் ஆக்கிவிடுகிறோம். எனக்குக் கேசரி கொடுத்த அண்ணாச்சி நாற்பது வருஷமாக ஒரே சின்னம். அவர் காசுக்காகப் போட்டார் என்று நான் சொன்னால் அது பொய். காசு இரண்டு பக்கமும் இறங்கி, வாங்கிய கை ஒன்றும் குத்திய கை ஒன்றுமாகப் போன கதைகளைக் கிராமத்தில் யாரும் சொல்வார்கள்.

மெஷின் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். மாதிரி வாக்குப்பதிவு என்று குறைந்தது 50 ஓட்டை ஏஜென்டுகள் முன்னாலேயே போட்டு, மெஷின் காட்டும் எண்ணையும் யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சிடுகிற விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் ஒப்பிட்டார்கள். அந்தச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டுச் சீல் வைத்தார்கள். பிறகு ‘க்ளியர்’ அழுத்தி, பூஜ்யம் காட்டினார்கள். சாயங்காலம் முடிந்ததும் ஒரு தாள் கொடுத்தார்கள், 17சி படிவம். அந்த மெஷினில் மொத்தம் எத்தனை ஓட்டு, எந்த எண் சீல் என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்ணுகிற நாளில் அந்த மெஷினைத் திறக்கும்போது இந்தத் தாளில் உள்ள மொத்தமும் அங்கே வருகிற மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னோடு உட்கார்ந்திருந்த இன்னொரு கட்சி ஏஜென்ட் அந்தத் தாளை வாங்காமலே சாப்பிடப் போய்விட்டார். சந்தேகப்படுகிற கட்சிகள் முதலில் தங்கள் ஆட்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எத்தனை பூத்தின் 17சி கையில் இருக்கிறது?

இதற்கு மேலேயும் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். 2019இலிருந்து ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் எடுத்த ஐந்து பூத்தின் விவிபேட் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடம் வந்த வேட்பாளர்கள் முடிவு வந்து ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டு, செலவையும் கட்டினால், 5 சதவீத மெஷின்களின் மெமரியைச் சரிபார்க்கலாம் என்றது.

தேர்தல் மனு பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அதைப் போட நீங்கள் வேட்பாளராக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தொகுதியின் வாக்காளர் யாரும் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போடலாம். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு. ராதாபுரத்தில் 49 ஓட்டில் தோற்ற அப்பாவு வழக்குப் போட்டார். தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று ஒதுக்கப்பட்ட 203 தபால் வாக்குகள் அதில் முக்கியம். மூன்று வருஷத்துக்கு மேல் கழித்து, 2019 அக்டோபரில், தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று ரவுண்டையும் திரும்ப எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியே அந்த ஐந்தாண்டும் முடிந்தது. 2021இல் அதே தொகுதியில் வென்று அப்பாவு சபாநாயகர் ஆனார். அவருக்கு வேறு வழியில் நியாயம் கிடைத்தது என்று சொல்லலாம். ராதாபுரம் வாக்காளர்களுக்கு? தங்கள் எம்எல்ஏ உண்மையில் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலே ஐந்து வருஷம் போனது. மெஷினைவிட இந்தத் தாமதம்தான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஐந்து வருஷம்

தோற்ற இரவில் ‘இன்னும் ஐந்து வருஷம்’ என்ற நினைப்பு நெஞ்சில் கல் மாதிரி உட்காரும். அந்த ஐந்து வருஷமும் அப்படியே உறைந்து கிடப்பதில்லை. 2016 முடிவு வந்த ஆறரை மாதத்தில் ஜெயலலிதா மறைந்தார். 2017 செப்டம்பரில் 18 எம்எல்ஏக்கள் தகுதி நீக்கம். 2019இல் 22 தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்து அதில் 13இல் திமுக வென்றது. உள்ளாட்சித் தேர்தல், மக்களவைத் தேர்தல் என்று நடுவில் வேறு தேர்தல்களும் வருகின்றன. கிராமமாக இருந்தால் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அங்கே போய்க் கேள்வி கேட்க ஜெயித்த கட்சிக்காரராக இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. எம்எல்ஏ தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். அது அவருக்கு ஓட்டுப் போட்ட தெருவுக்கு மட்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை.

நான் தெளிந்தது வேறொரு தாளைப் பார்த்த பிறகு. தேர்தல் முடிந்த பிறகு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் படிவம் 20 போடுவார்கள். பூத் வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல். ஸ்கேன் செய்த பிடிஎஃப், எழுத்து மங்கலாக, சில பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு வரிசை ஒரு பூத். வேட்பாளர்கள் வாக்குச்சீட்டு வரிசைப்படி குறுக்கே போவார்கள், கடைசியில் நோட்டா, மொத்தம். அதில் எங்கள் பூத் எண்ணைத் தேடி, ஸ்கேலை வைத்து வரிசை மாறாமல் படித்தேன்.

எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருவும் சேர்ந்த அந்தப் பூத்தில் நான் ஓட்டுப் போட்டவர் முன்னால் இருந்தார். பெரிய வித்தியாசம் இல்லை, முப்பது நாற்பது ஓட்டு. ஆனால் முன்னால். தெருவே எதிராகப் போய்விட்டது என்று அன்றைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்தத் தெருவில் அன்று சிறுபான்மை அண்ணாச்சிதான்.

(இந்தப் பூத் வாரிப் பட்டியலில் ஒரு ஆபத்தும் உண்டு. எந்தத் தெரு தனக்குப் போடவில்லை என்று ஜெயித்தவருக்கும் தெரிந்துவிடும். பல பூத் ஓட்டைக் கலந்து எண்ணுகிற ‘டோட்டலைசர்’ இயந்திரம் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டது, சட்ட ஆணையமும் ஆதரித்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. பழிவாங்குவதற்குப் பயன்படாத மாதிரி இருந்தால் இந்தப் பட்டியலைவிட நல்ல மருந்து தோற்றவருக்குக் கிடையாது என்பேன்.)

பிரிண்ட் எடுத்து அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “நம்ம பூத்துல நாங்க தோத்துட்டோமா? என்ன தம்பி சொல்லுதீய?” என்றார். இன்னொரு தடவை மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அப்புறம் எதிர்வீட்டில் யார், மூலைவீட்டில் யார் என்று யோசிக்க ஆரம்பித்தவர், “சரி, அது நமக்கெதுக்கு” என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஐப்பசியில் வாறுகால் அடைத்துத் தண்ணீர் எங்கள் இரண்டு வீட்டு வாசலிலும் நின்றது. எம்எல்ஏ அலுவலகத்துக்கு மனு எழுதியது நான். கையெழுத்து வாங்கத் தெருவில் நடந்தவர் அண்ணாச்சி. எம்எல்ஏ அவர் ஓட்டுப் போட்ட ஆள், அதனால் என்னைவிடக் கோபமாகப் பேசினார். அந்த மழைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை போனபோது அலுவலகத்தில் இருந்தவர் எங்களில் யார் எந்தக் கட்சி என்று கேட்டார். அண்ணாச்சி மனுவில் இருந்த தெருப் பெயரைத் தொட்டுக் காட்டினார். அடுத்த வருஷம் ஆனியில் வாறுகால் தோண்ட ஆட்கள் வந்தார்கள்.